மூளையில் வைரஸ் ஏற்றிய சுண்டெலி: எதிர்ப்பு இருந்தது செத்தது, இல்லாதது பிழைத்தது?

கேள்வி: 6 ஜனவரி 2024, இரவு 9.40

ஒரு பாடநூலில் இப்படி ஒரு வரி பார்த்தேன். சுண்டெலியின் மூளைக்குள் ஒரு வைரஸை ஊசியில் ஏற்றினால் பத்து நாளுக்குள் செத்துவிடுமாம். அதே எலிக்கு முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்து நோயெதிர்ப்புச் செல்களை அழித்திருந்தால் பிழைத்துக்கொள்ளுமாம். எதிர்ப்பே இல்லாத எலிதானே முதலில் சாக வேண்டும்? "பிழைக்கும்", "சாகும்" இரண்டும் இடம் மாறி அச்சாகிவிட்டது என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 11.15

அச்சுப்பிழை இல்லை. அந்த வைரஸ் எல்சிஎம்வி, சுண்டெலிகளிடம் சுற்றும், மூளை உறையில் அழற்சி உண்டாக்கும் வைரஸ். ஆறு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன்.

கதிர்வீச்சுச் சோதனையை 1956-இல் வெளியிட்டவர் வாலஸ் ரோ. அவருக்கும் முதலில் உங்களைப் போலத்தான் இருந்திருக்கும். எல்சிஎம்வி-யின் விசேஷம், அது தான் குடிபுகுந்த செல்லைக் கொல்வதில்லை. உள்ளே உட்கார்ந்து நகலெடுத்து வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும், செல் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். மூளைக்குள் ஏற்றிய எலி முதல் ஐந்து நாள் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியாடித் தின்றுகொண்டிருக்கும். வைரஸ் ஏறிக்கொண்டிருப்பதும் அந்த நாட்களில்தான். ஆறாவது, ஏழாவது நாள் டி செல்கள், அதாவது தொற்றிய செல்களைத் தேடிப்பிடிக்கும் வெள்ளையணுக்கள், மூளை உறைக்குள் வந்து சேரும். அதற்கப்புறம் முடி சிலிர்க்கும், முதுகு கூனும், வாலைப் பிடித்துத் தூக்கினால் வலிப்பு வரும், சாகும். வைரஸ் தொற்றிய செல்களை டி செல்கள் கொல்வதால் மூளை கெட்டுப்போகிறது. கதிர்வீச்சு வாங்கிய எலியிடம் டி செல் இல்லை. சண்டை இல்லை, சாவும் இல்லை.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல என்பார்கள். இங்கே எலியே தன் வீட்டைக் கொளுத்திக்கொள்கிறது.

6 ஜனவரி, இரவு 11.50

படுத்த பிறகு உறுத்தியது. "பிழைத்தது" என்றால் குணமானது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எலியின் உடம்பு முழுக்க வைரஸ் இருக்கும். சாகவில்லை, அவ்வளவுதான்.

இது இயற்கையிலேயே நடக்கிறது. சார்ல்ஸ் ஆம்ஸ்ட்ராங் இந்த வைரஸைக் கண்டெடுத்தது 1933-இல், செயின்ட் லூயிஸ் நகரத்து மூளைக்காய்ச்சலை ஆராயும்போது. தேடியது ஒன்று, கிடைத்தது இது. இரண்டு வருடத்தில் எரிக் ட்ராப் என்பவர் தன் ஆய்வகத்து எலிக் கூட்டத்திலேயே இந்த வைரஸ் சத்தமில்லாமல் சுற்றுவதைப் பார்த்தார். தாயின் வயிற்றிலேயே தொற்றிய குட்டிகள் வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமந்தன, பார்வைக்கு நோயே இல்லை. பிறக்கும் முன்பே அறிமுகமானதை உடம்பு "நம்மவன்" என்று எடுத்துக்கொள்கிறது என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பர்னெட்டும் ஃபென்னரும் 1949-இல் எழுதியபோது இந்த எலிகளும் அவர்கள் மனதில் இருந்தன. 1960 நோபலில் பர்னெட்டுக்குக் கிடைத்த பங்கு அந்த எண்ணத்துக்குத்தான்.

கேட்டவர்: 7 ஜனவரி, காலை 8.05

அப்போ டி செல் இல்லாமல் இருப்பதே நல்லதா? எதற்கு உடம்பு இவ்வளவு செலவு செய்து அதை வைத்திருக்கிறது?

7 ஜனவரி, மதியம் 2.30

இந்த அவசரம் எனக்கும் முதல் வருடத்தில் இருந்தது. எந்த வைரஸ், எந்த வழியாக, எவ்வளவு, எந்த எலி என்ற நான்கையும் கேட்காமல் "நல்லதா, கெட்டதா" என்று கேட்கவே கூடாது.

அதே எல்சிஎம்வி. ஆம்ஸ்ட்ராங் வகையை 2 லட்சம் எடுத்து மூளையில் ஏற்றாமல் வயிற்றுக்குள் ஏற்றுங்கள். எலிக்கு நோய் வந்ததே வெளியே தெரியாது. எட்டு, பத்து நாளில் வைரஸ் ரத்தத்திலும் மண்ணீரலிலும் இருக்காது. சுத்தம். இதைச் செய்பவையும் டி செல்கள்தான். செல்லைத் துளைக்கும் பெர்ஃபோரின் என்ற புரதம் இல்லாத எலிகளை 1994-இல் உருவாக்கினார்கள். அந்த எலிகளால் இதே வைரஸை விரட்ட முடியவில்லை.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. முதல் ஓரிரு நாள் இன்டர்ஃபெரான் ராஜ்யம். தொற்றிய செல்கள் விடும் எச்சரிக்கை அது. கேட்ட பக்கத்துச் செல்கள் கதவடைக்க ஆரம்பிக்கும். அதற்குள் டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள் வைரஸின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரு எலியிடம் கோடிக்கணக்கில் சிடி8 டி செல்கள், அதாவது கொல்லும் வகை டி செல்கள், உண்டு. அவற்றில் இந்த வைரஸின் குறிப்பிட்ட ஒரு துண்டை, ஜிபி33 என்று பேர், அடையாளம் காணக்கூடியவை நூறு, இருநூறுதான். உடம்பு முழுக்கத் தேடினாலும் அவ்வளவே. அந்த நூறு செல்கள் ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறிலிருந்து ஒரு கோடியைத் தாண்ட 17 முறை இரட்டித்தால் போதும். 17 முறை ஏழு மணி நேரம் என்றால் ஐந்து நாள். டி செல்கள் மூளை உறைக்கு வந்து சேர்வது ஆறாம், ஏழாம் நாள் என்று மேலே எழுதினேனே, அந்தக் காலக் கணக்கு இதுதான். வைரஸுக்கு அவகாசம் தேவையில்லை, டி செல்லுக்குத்தான் தேவை.

எட்டாம் நாள் எலியைத் திறந்தால் மண்ணீரல் கண்ணுக்கே பெரிதாகத் தெரியும். முதல்முறை பார்த்தபோது ஏதோ கட்டி என்று நினைத்துப் பயந்துபோய் கூப்பிட்டேன். எங்கள் ஆய்வகத்தில் மூத்தவரான அக்கா எட்டிப் பார்த்து, "எட்டாம் நாள்னா இப்படித்தான் இருக்கும், அளவா இருந்தாத்தான் பயப்படணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெருகியவை ரொம்ப நாள் இருக்காது. இரண்டு வாரத்தில் 90 முதல் 95 சதவீதம் செத்துவிடும். மிச்சம் நினைவுச் செல்களாக எலியின் ஆயுள் முழுக்க இருக்கும்.

7 ஜனவரி, மதியம் 2.50

திருத்தம். "2 லட்சம் வைரஸ்" என்று படித்திருந்தால் அது என் தப்பு. 2 லட்சம் ப்ளேக் அலகு. செல் படலத்தின்மேல் வைரஸை ஊற்றி, அகரோஸ் என்ற கூழால் மூடி, நான்கு நாள் கழித்துச் சாயம் ஏற்றினால் வைரஸ் பரவிய இடங்கள் வெளிறிய புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் கணக்கு. எல்சிஎம்வி புள்ளிகள் பளிச்சென்றும் இருக்காது, மங்கலாக இருக்கும். செல்லைக் கொல்லாத வைரஸ் என்றேனே, அதன் பலன். கண்ணாடி போட ஆரம்பித்தது அந்த வருடம்தான். சம்பந்தம் இல்லை என்று கண் மருத்துவர் சொல்கிறார், நான் நம்பவில்லை.

9 ஜனவரி, இரவு 10.20

தனி மடலில் ஒருவர் கேட்டார், எட்டாம் நாள் சிடி8 செல்களில் எவ்வளவு பங்கு வைரஸைக் குறிவைப்பவை என்று. பாதிக்கும் மேல். இதை நம்பவே ஆட்கள் தயங்கினார்கள். 1998 வரை, பெருகும் செல்களில் பெரும்பாலானவை சும்மா பக்கத்தில் நின்றதால் கிளர்ந்தெழுந்தவை என்பதுதான் பேச்சு. பழைய அளவீட்டு முறை உண்மையில் இருப்பதில் ஒரு சிறு பங்கைத்தான் பிடித்தது. டெட்ராமர் என்ற ஒளிரும் தூண்டில் வந்த பிறகு காஜா முரளிகிருஷ்ணாவும் அவர் கூட்டாளிகளும் நேராக எண்ணிக் காட்டினார்கள்: உச்ச நாளில் 50 முதல் 70 சதவீதம். பக்கத்தில் நின்றவன் கதை அதோடு அடங்கியது.

12 ஜனவரி, மாலை 6.45

டி செல் எப்படித் தொற்றிய செல்லைக் கண்டுபிடிக்கிறது என்று எழுதாமலே போய்க்கொண்டிருக்கிறேன். அதுவும் இதே எலி, இதே வைரஸ், இதே மூளை உறைக் காய்ச்சல்தான்.

கான்பராவில் 1973-74-இல் ரால்ஃப் ட்சிங்கர்நாகல் என்ற சுவிஸ் மருத்துவரும் பீட்டர் டோஹெர்ட்டி என்ற கால்நடை மருத்துவரும் ஒரே ஆய்வறையில் வேலை பார்த்தார்கள். எல்சிஎம்வி ஏற்றிய எலியிலிருந்து டி செல்களை எடுத்து, தட்டில் வளர்த்த தொற்றிய செல்களோடு கலந்தார்கள். தட்டில் இருந்த செல்களுக்கு முன்பே கதிரியக்கக் குரோமியம்-51 ஊட்டியிருக்கும். செல் உடைந்தால் குரோமியம் வெளியே கசியும். கசிந்ததை அளந்தால் எவ்வளவு கொலை நடந்தது என்று தெரிந்துவிடும்.

எலியும் தட்டுச் செல்லும் ஒரே எச்-2 வகையாக இருந்தபோது கொன்றன. எலி வேறு எச்-2 வகை என்றால், அதே வைரஸ் தொற்றிய அதே செல்லைத் தொடவே இல்லை. எச்-2 என்பது உறுப்பு மாற்றத்தில் ஒட்டுமா ஒட்டாதா என்று தீர்மானிக்கும் மரபணுக் கூட்டம் என்றுதான் அதுவரை முக்கியமாகத் தெரியும். எலிகள் ஒன்றுக்கொன்று தோலை ஒட்டுப்போட்டுக்கொண்டு வாழ்வதில்லையே, இது எதற்கு இயற்கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் வந்தது. டி செல் வைரஸை மட்டும் பார்ப்பதில்லை. தன் உடம்பின் அடையாளத்தோடு சேர்த்துப் பார்க்கிறது. அந்த அடையாளப் புரதத்தின் மேல் ஒரு பள்ளம், அதில் வைரஸ் துண்டு படுத்திருக்கிறது என்பது படமாகத் தெரிந்தது 1987-இல். நோபல் 1996-இல்.

குரோமியம் முறையை நானும் கொஞ்ச காலம் செய்திருக்கிறேன். அரை ஆயுள் 27.7 நாள். விடுமுறைக்குப் போய்விட்டு வந்தால் வாங்கிவைத்தது பாதியாகியிருக்கும், கணக்கை மறுபடி போட வேண்டும். இப்போதைய பிள்ளைகள் செல்களை ஒளியால் எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் முன்னால் உட்கார்ந்து வண்ண வண்ணப் புள்ளிகள் பார்க்கிறார்கள். பொறாமைதான்.

12 ஜனவரி, இரவு 11.30

6-ஆம் தேதிக் குறிப்பை இப்போதுதான் திரும்பப் படித்தேன். "டி செல்கள் கொல்வதால் மூளை கெட்டுப்போகிறது" என்று எழுதியிருக்கிறேன். பாதி தப்பு. நான் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், வாய் தன்னால் ஒப்பிக்கிறது.

2009-இல் உயிருள்ள எலியின் மண்டையோட்டு எலும்பை மெல்லிசாகச் சீவி, அதன் வழியே நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். டி செல்கள் மூளை உறைக்கு வந்ததும் சமிக்ஞை விட்டு மோனோசைட்டு, நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளையணுக்களைக் கும்பலாக வரவழைக்கின்றன. அவை ரத்தக் குழாய்ச் சுவர் வழியாக ஒரே நேரத்தில் முண்டியடித்து நுழையும்போது குழாய் கிழிந்து கசிகிறது. வலிப்புக்கும் சாவுக்கும் பெரிய காரணம் அந்தக் கசிவு. டி செல் போட்டது அழைப்பு, கலவரம் செய்தது வந்த கூட்டம்.

ஆனால் டி செல் நிரபராதி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வராவிட்டால் எதுவும் நடக்காது. ரோவின் கதிர்வீச்சு முடிவு அப்படியே நிற்கிறது, நான் சொன்ன விளக்கம்தான் ஆடுகிறது.

கேட்டவர்: 14 ஜனவரி, காலை 7.30

மூளையில் ஏற்றினால் சாவு, வயிற்றில் ஏற்றினால் சுகம். மூன்றாவது வழி உண்டா?

14 ஜனவரி, இரவு 9.55

உண்டு. என் மானம் போனதும் அதில்தான்.

குளோன் 13 என்று ஒரு வகை. ஆயுள் முழுக்க வைரஸ் சுமந்த ஒரு எலியின் மண்ணீரலிலிருந்து பிரித்தது, 1984-இல் ரஃபி அகமதும் அவர் குழுவும் வெளியிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் வகையின் வாரிசுதான். விரல்விட்டு எண்ணக்கூடிய அமினோ அமில மாற்றங்கள், அவற்றிலும் இரண்டு முக்கியமானவை. 20 லட்சம் அலகை வாலின் ரத்தக் குழாயில் ஏற்றினால் எலியால் விரட்ட முடியாது. ரத்தத்தில் இரண்டு மூன்று மாதம் ஓடும், சிறுநீரகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஒரு மரபணுவை நீக்கிய எலிகளில் இந்தச் சோதனையைச் செய்தேன். ஐந்தில் இரண்டு எலிகள் பத்தாம் நாளே சுத்தம், ரத்தத்தில் வைரஸே இல்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. கட்டுரைத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். மறுநாள் அக்காவிடம் ஓடினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "ஊசி போட்டப்போ வால் வீங்குச்சா?"

வீங்கியது. வாலின் ரத்தக் குழாய் நூல் மாதிரி. விளக்கு வைத்துச் சூடு காட்டினால்தான் விரிந்து கண்ணுக்கே தெரியும். ஊசி குழாயைவிட்டு நழுவினால் மருந்து தோலுக்கடியில் போய் வெள்ளையாகக் குமிழிடும். அந்த இரண்டு எலிகளுக்கும் பாதிக்குமேல் அங்கேதான் போயிருக்கிறது. குளோன் 13-ஐக் குறைவாகக் கொடுத்தால் எலி சாதாரணமாக விரட்டிவிடும். நான் கண்டுபிடித்தது என் கை நடுக்கத்தை. அன்றிலிருந்து எந்த எலிக்கு எப்படி இறங்கியது என்று குறித்துவைத்து, நழுவியதை எட்டாம் நாள் முடிவு பார்ப்பதற்கு முன்பே கணக்கிலிருந்து எடுத்துவிடுவேன். பார்த்த பிறகு எடுத்தால் அது வேறு வியாபாரம்.

14 ஜனவரி, இரவு 10.40

என் சோகக் கதையில் விஷயம் விட்டுப்போயிற்று. குளோன் 13 எலியில் டி செல்களுக்கு என்ன ஆகிறது? சில சாகின்றன, மிச்சமுள்ளவை களைத்துப்போகின்றன. இருக்கும், ஆனால் கொல்லாது, சமிக்ஞைப் புரதங்கள் விடாது, பெருகாது. களைத்த செல்களின்மேல் பிடி-1 என்ற தடுப்பான் நிறைந்திருப்பதையும், அதன் ஜோடியான பிடி-எல்1-ஐ ஆன்டிபாடியால் (குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் புரதம்) மறைத்தால் செல்கள் மறுபடி எழுந்து வைரஸைக் குறைப்பதையும் 2006-இல் காட்டினார்கள். பிடி-1 மருந்துகள் இன்று புற்றுநோய்க்குப் போகின்றன, 2018 நோபலும் பிடி-1-க்காக ஹோன்ஜோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடுப்பானுக்காக அலிசனுக்கும் போனது. களைத்த டி செல்லை எழுப்ப முடியும் என்று நம்பிக்கை கொடுத்ததில் இந்த எலி வைரஸுக்குப் பங்கு உண்டு என்று சொல்வேன்.

என் மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தது அதே 2006 கட்டுரையின் இன்னொரு படம். பிடி-எல்1 பிறவியிலேயே இல்லாத எலிகளுக்குக் குளோன் 13 கொடுத்தார்கள். தடுப்பான் இல்லை, களைப்பு இல்லை, டி செல்கள் முழு வேகம். எலிகள் ஒரு வாரத்தில் செத்தன. வைரஸால் அல்ல.

15 ஜனவரி, காலை 6.10

களைப்பு என்ற பெயரே எனக்கு இப்போது பிடிக்கவில்லை. தோற்றுப்போனதுபோல ஒலிக்கிறது. அளவை மாற்றிப் பார்த்தவர்கள் கண்டதைக் கேளுங்கள். குளோன் 13 கொஞ்சமாகக் கொடுத்தால் டி செல்கள் ஜெயிக்கின்றன, எலி நலம். ரொம்ப அதிகமாகக் கொடுத்தால் டி செல்கள் சீக்கிரமே அடங்கிவிடுகின்றன, எலி வைரஸோடு வாழ்கிறது. இரண்டுக்கும் நடுவே கொடுத்தால் டி செல்கள் அரைகுறையாக அடங்கி அரைகுறையாகப் போராடுகின்றன. நுரையீரலும் கல்லீரலும் புண்ணாகி எலிகள் அப்போதுதான் அதிகம் சாகின்றன. ஜெயிக்கவே முடியாத இடத்தில் கத்தியை உறையில் போடுவதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வழிகாட்டியிடம் இதைச் சொன்னபோது, "கவிதை எழுதாமல் தரவு கொண்டு வா" என்றார். சரி.

18 ஜனவரி, மாலை 5.15

ஆன்டிபாடி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்று ஒருவர் குறைப்பட்டார். நியாயம். எல்சிஎம்வி-யைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் எல்லாரும் டி செல் பக்தர்களாகிவிடுகிறோம், ஏனென்றால் இந்த வைரஸை முடக்கும் ஆன்டிபாடி வர இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகும். ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி சீக்கிரமே வரும், ஆனால் ஒட்டினால் முடங்கியது என்று அர்த்தம் இல்லை.

விஎஸ்வி என்ற வைரஸை அதே எலிக்குக் கொடுத்தால் கதை தலைகீழ். நான்காம் நாளே முடக்கும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி, ஒரு வாரத்தில் ஐஜிஜி வகை. அதில் ஆன்டிபாடி செய்யும் பி செல் இல்லாத எலிதான் மாட்டிக்கொள்ளும். விஎஸ்வி செல்லைச் சீக்கிரம் கொல்லும், நரம்புக்குள் புகுந்தால் ஆபத்து. டி செல்லுக்காக ஒரு வாரம் காத்திருக்க அவகாசம் இல்லை. எதிர்ப்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு வைரஸை வைத்துச் சொல்கிறவர்களை, என்னையும் சேர்த்து, பாதிதான் நம்ப வேண்டும்.

கேட்டவர்: 21 ஜனவரி, இரவு 8.20

இன்டர்ஃபெரானாவது எப்போதும் நல்ல பக்கம்தானே?

21 ஜனவரி, இரவு 10.00

முதல் நாளில், ஆமாம். ஒன்றாம் வகை இன்டர்ஃபெரானை வாங்கும் ஏற்பி இல்லாத எலிகள் 1994-இல் வந்தன. சாதாரண எலி கண்டுகொள்ளாத வைரஸ்களுக்கெல்லாம் அவை சாகும். டெங்கு, ஜிகா வைரஸ்களைச் சோதிக்க இப்படிப்பட்ட எலிகளைத்தான் தேடிப்போகிறார்கள், ஏனென்றால் சாதாரணச் சுண்டெலிக்கு டெங்கு வராது.

முப்பதாம் நாளில் இல்லை. குளோன் 13 எலியில் அதே ஏற்பியை ஆன்டிபாடியால் அடைத்தார்கள். வைரஸ் கூடும் என்றுதானே நினைப்போம்? கடைசியில் குறைந்தது. 2013-இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இதை வெளியிட்டன. நீண்ட நாள் ஒலித்துக்கொண்டே இருக்கும் எச்சரிக்கை மணி டி செல்களை அடக்கும் பக்கம் சேர்ந்துவிடுகிறது. பிடி-எல்1 கூடுவதற்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு உபரித் தகவல். இன்டர்ஃபெரானை 1957-இல் ஐசக்ஸோடு கண்டுபிடித்த ஜான் லிண்டன்மன், சில வருடம் கழித்து ஏ2ஜி என்ற எலி வகைக்கு மட்டும் இன்ஃப்ளூயன்சா ஏறுவதில்லை என்று கவனித்தார். காரணம் எம்எக்ஸ்1 என்ற மரபணு, இன்டர்ஃபெரான் தூண்டினால் வேலை செய்யும். வேடிக்கை என்னவென்றால் ஏ2ஜி-க்கு ஏதோ கூடுதலாக இருக்கவில்லை. ஆய்வகத்தில் நாம் வைத்திருக்கும் மற்ற வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மரபணு உடைந்திருக்கிறது. உடைந்த எலியை "சாதாரணம்" என்று வைத்துக்கொண்டு, ஒழுங்கான எலியை அதிசயம் என்று ஆராய்ந்தோம்.

28 ஜனவரி, காலை 11.40

மேலே உள்ள கடைசி வரி ஒரு வாரமாகத் துரத்துகிறது. எம்எக்ஸ்1 மட்டுமா? ஆய்வக எலி வகைகளில் சி57 பிளாக்6 எலி சைட்டோமெகலோ வைரஸைச் சமாளிக்கும், பால்ப்-சி எலி திணறும். காரணம் என்கே செல்லில் (முன் அறிமுகம் இல்லாமலே தொற்றிய செல்லைக் கொல்லும் வெள்ளையணு) லை49எச் என்ற ஒரே ஒரு ஏற்பி, பிளாக்6-இடம் இருக்கிறது. "சுண்டெலியில் என்கே செல்கள் இந்த வைரஸை அடக்குகின்றன" என்று எழுதினால் அது சுண்டெலியைப் பற்றிய வாக்கியம் இல்லை, பிளாக்6-ஐப் பற்றிய வாக்கியம்.

இன்னொன்று, நம் எலிகள் வாழும் விதம். வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தீவனம், கிருமி நீக்கிய படுக்கை. ஆறு வாரத்து எலி வாழ்நாளில் ஒரு வைரஸைக்கூடச் சந்தித்திருக்காது. 2016-இல் ஒரு குழு இப்படிப்பட்ட எலிகளின் கூண்டில், வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடையில் வாங்கிய எலிகளை விட்டது. சில எலிகள் அந்தச் சகவாசத்தில் செத்தன. பிழைத்தவற்றின் டி செல்கள் அனுபவப்பட்டவையாக மாறியிருந்தன. சுத்தமான எலியின் எதிர்ப்பு மண்டலம் பச்சிளம் குழந்தையுடையதைப் போலவும், அழுக்கான எலியுடையது வளர்ந்த மனிதருடையதைப் போலவும் இருந்தது. மறுவருடம் இன்னொரு குழு காட்டுச் சுண்டெலியின் குடல் நுண்ணுயிர்களை ஆய்வக எலிகளுக்குக் கொடுத்து, இன்ஃப்ளூயன்சா ஏற்றிப் பார்த்தது. காட்டு நுண்ணுயிர் பெற்றவற்றில் 92 சதவீதம் பிழைத்தன, பெறாதவற்றில் 17 சதவீதம். மரபணு ஒன்றுதான், வைரஸ் ஒன்றுதான்.

ஆறு வருடம் கையுறை மேல் கையுறை போட்டு அந்தச் சுத்தத்தைக் காப்பாற்றியவன் நான். படித்தபோது கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனாலும் சுத்தமான எலி வீண் என்று சொல்ல மாட்டேன். நூறு செல் ஒரு கோடியாவதை எண்ண முடிந்தது அது வேறெதையும் சந்திக்காமல் இருந்ததால்தான்.

28 ஜனவரி, மதியம் 12.05

இன்ஃப்ளூயன்சா என்றதும் ஞாபகம். எலிக்கு ஃப்ளூ வந்தால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் தேடாதீர்கள். உடம்பு குளிர்ந்துபோகும். தினமும் எடை போடுவதுதான் வழி, நான்கில் ஒரு பங்கு குறையுமுன் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது விதி. இரவு பதினொரு மணிக்குத் தராசு முன்னால் நின்று 14.9 கிராமா 15.0 கிராமா என்று பார்த்த ராத்திரிகள் உண்டு. சோதனை முடிவுகள் பல மறந்துவிட்டன. அந்தத் தராசு மறக்கவில்லை.

கேட்டவர்: 2 பிப்ரவரி, இரவு 9.10

இது மனிதருக்கு வருமா? நீங்கள் ஆறு வருடம் கையில் வைத்திருந்தீர்களே.

2 பிப்ரவரி, இரவு 9.35

வரும். வீட்டுச் சுண்டெலி, வளர்ப்பு வெள்ளெலி வழியாக. பெரும்பாலோருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், சிலருக்கு மூளை உறை அழற்சி வரலாம். கர்ப்பத்தில் வந்தால் குழந்தையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கும். எங்கள் அறையில் கர்ப்பமானவர்கள் உடனே வேறு வேலைக்கு மாறிவிடுவார்கள், கேள்வியே கிடையாது. 2005-இல் அமெரிக்காவில் உறுப்பு மாற்றம் செய்துகொண்ட சிலர் இதனால் இறந்தார்கள். உறுப்புக் கொடுத்தவர் வீட்டில் ஒரு வெள்ளெலி இருந்தது. அந்த நோயாளிகள் எதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருந்தவர்கள். அதாவது ரோவின் எலிக்கு நேர் எதிர். எதிர்ப்பு இல்லை, பிழைக்கவும் இல்லை. முதல் நாள் நீங்கள் எதிர்பார்த்த விடை இங்கே இருக்கிறது, பாருங்கள்.

11 பிப்ரவரி, மாலை 4.20

கடைசியாக ஒன்று, முதல் கேள்விக்கு முழுப் பதில் தராமல் விட்டிருக்கிறேன்.

ட்ராபின் எலி ஞாபகம் இருக்கிறதா, பிறவியிலேயே வைரஸ் சுமப்பது. அதன் மூளை நரம்புச் செல்களில்கூட வைரஸ் உண்டு. அதற்கு, இதே வைரஸைச் சந்தித்து ஜெயித்த இன்னொரு எலியின் நினைவு டி செல்களை ஏற்றினால் என்ன ஆகும்? இவ்வளவு படித்த பிறகு என்ன சொல்வீர்கள்? டி செல்கள் மூளைக்குப் போகும், கும்பல் கூடும், வலிப்பு, சாவு. நானும் அப்படித்தான் சொன்னேன், நேர்முகத் தேர்வில்.

எலி சாகாது. வாரக் கணக்கில் ரத்தமும் கல்லீரலும் சுத்தமாகும். டி செல்கள் மூளைக்குள்ளும் போகும். ஆனால் மோனோசைட்டுக் கலவரம் நடக்காது. நரம்புச் செல்கள் தங்கள் எச்-2 அடையாளத்தை வெளியே அதிகம் காட்டுவதில்லை. அவை கொல்லப்படாமலே, மாதக் கணக்கில், வைரஸ் மெல்ல மெல்ல மூளையைவிட்டுப் போகும். டி செல் விடும் இன்டர்ஃபெரான்-காமா போன்ற சமிக்ஞைகளே போதுமாக இருக்கிறது.

முதல் எலியை ஏழு நாளில் கொன்ற அதே வகைச் செல்கள். வைரஸ் எந்தச் செல்லில் இருக்கிறது, கூட யார் வருகிறார்கள் என்பது மட்டும் வேறு. நேர்முகத் தேர்வில் தப்பாகச் சொல்லியும் வேலை கொடுத்தார்கள். ஏன் என்று பிறகு கேட்டேன். அதுவரை சரியாகச் சொன்னவர் யாருமே இல்லையாம்.

கேட்டவர்: 11 பிப்ரவரி, இரவு 7.50

அந்தப் பாடநூலில் பென்சிலால் "அச்சுப்பிழை" என்று எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். ஓரத்தில் "எந்த எலி?" என்று எழுதிவைத்திருக்கிறேன்.